உங்கள் மகளின் இன்சுலின் எங்கிருந்து வருகிறது

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் கேள்விகள் பல. எல்லாவற்றுக்கும் முன்பாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகளுக்குப் போடும் இன்சுலினை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். அவளுக்கு வந்திருப்பது டைப் 1 சர்க்கரை நோய். பெரியவர்களுக்கு வரும் டைப் 2 போல உணவுக் கட்டுப்பாடு, நடைப்பயிற்சி, மாத்திரை என்று சமாளிக்கக்கூடியது அல்ல இது. உடலின் நோய் எதிர்ப்பாற்றலே திசைமாறி, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிட்டது. வெளியிலிருந்து இன்சுலின் போகாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை நிறைந்திருந்தும் செல்கள் பட்டினி கிடக்கும். உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கும், ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறும், சில நாட்களில், சில குழந்தைகளுக்கு ஒரே நாளில், உயிருக்கே ஆபத்தாகிவிடும். உங்கள் உறவினர் அனுப்பிய வாட்ஸப் செய்தி இதில் எதையும் சொல்லவில்லை. கிருமியில் செய்த மரபணு மருந்து, குழந்தையின் மரபணுவையே மாற்றிவிடும், நிறுத்திவிட்டு இயற்கைக்குத் திரும்புங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறது.

உங்கள் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு இதைப் பொதுவில் எழுதுகிறேன். இதே செய்தி இன்னும் எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கும். உங்கள் பயத்தை நான் குறைத்து எண்ணவில்லை. மருந்துப் பெட்டியின் ஓரத்தில் 'ஆர்-டிஎன்ஏ ஆரிஜின்' என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். அது என்னவென்று சொல்ல யாரும் நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. தினமும் பலமுறை பிள்ளையின் உடம்பில் ஏற்றுகிற பொருள் எதுவென்று பெற்றவளுக்குத் தெரிய வேண்டும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்கள் மாமியார் கேட்டதிலிருந்து தொடங்குகிறேன். "பன்றியிலிருந்து எடுக்கிற மருந்தா இது?" அவர் கேட்டதில் தவறே இல்லை. அறுபது ஆண்டுகள் அப்படித்தான் இருந்தது.

1922க்கு முன் இந்த நோய் வந்த குழந்தைகள் பிழைத்ததில்லை. அன்றைய மருத்துவர்கள் செய்ய முடிந்தது ஒன்றுதான்: சாப்பாட்டை மிகக் குறைத்து, பட்டினி போட்டு, மரணத்தைச் சில மாதங்கள் தள்ளிவைப்பது. கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஃபிரெடெரிக் பான்டிங்கும் சார்லஸ் பெஸ்ட்டும் 1921இல் நாய்களின் கணையத்திலிருந்து ஒரு சாறு எடுத்து, அது ரத்தச் சர்க்கரையைக் குறைப்பதைக் கண்டார்கள். 1922 ஜனவரி 11 அன்று டொராண்டோ பொது மருத்துவமனையில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. சாறு தூய்மையாக இல்லை. பலனும் பெரிதாக இல்லை. ஜேம்ஸ் காலிப் என்ற வேதியியலாளர் அதைச் சுத்திகரித்துத் தந்த பிறகு, ஜனவரி 23 அன்று மறுபடி போட்டார்கள். சர்க்கரை இறங்கியது. அந்தப் பையன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். மருத்துவ வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த விற்பனை அது.

அதன்பின் உலகத்துக்கே இன்சுலின் இறைச்சிக் கூடங்களிலிருந்து வந்தது. மாடு, பன்றி ஆகியவற்றின் கணையங்களை உறையவைத்துத் தொழிற்சாலைக்கு அனுப்புவார்கள். ஏறக்குறைய இரண்டு டன் பன்றி உறுப்புகளை அரைத்துப் பிரித்தால் கால் கிலோவுக்கும் குறைவான தூய இன்சுலின் கிடைக்கும். மனித இன்சுலினுக்கும் பன்றி இன்சுலினுக்கும் ஒரே ஓர் அமினோ அமிலம்தான் வேறுபாடு. மாட்டு இன்சுலினுக்கு மூன்று. அதனால் அவை நம் உடம்பிலும் வேலை செய்தன. சிலருக்கு ஒவ்வாமை வந்தது. சிலருக்கு மத நம்பிக்கை இடித்தது. உயிரா, விரதமா என்ற தடுமாற்றத்தோடு ஊசி போட்டுக்கொண்டவர்கள் நம் நாட்டில் ஏராளம். இவற்றைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. நோயாளிகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் அத்தனை பேருக்கும் போதுமான கணையத்துக்கு எங்கே போவது?

ஆகவே மாமியாரிடம் சொல்லுங்கள்: பெட்டியில் 'ஆர்-டிஎன்ஏ' என்று இருந்தால் அந்த இன்சுலின் எந்த விலங்கின் கணையத்திலிருந்தும் எடுக்கப்பட்டதல்ல.

அப்படியானால் எங்கிருந்து வந்தது? இதற்குப் பதில் சொல்ல, இன்சுலின் எப்படிப்பட்ட பொருள் என்று முதலில் பார்க்க வேண்டும். அது ஒரு புரதம். புரதம் எதுவானாலும் அமினோ அமிலங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த சங்கிலி. அமினோ அமிலங்களில் 20 வகை. எது எதற்குப் பின் வருகிறது என்ற வரிசைதான் அந்தப் புரதத்தின் குணத்தைத் தீர்மானிக்கிறது. இன்சுலினில் இரண்டு சங்கிலிகள். ஒன்றில் 21, மற்றதில் 30, ஆக 51 அமினோ அமிலங்கள். இரண்டையும் கந்தக அணுக்கள் பிணைத்து வைத்திருக்கின்றன. மாட்டு இன்சுலினை வைத்து இந்த வரிசையை முழுதாகக் கண்டறிந்தவர் இங்கிலாந்தின் ஃபிரெடெரிக் சாங்கர். 1955இல் முடித்தார், 1958இல் நோபல் பரிசு கிடைத்தது. எந்தப் புரதத்துக்கும் நிலையான வரிசை என்று ஒன்று உண்டு என்பதே அதற்கு முன் உறுதியாகத் தெரியாது.

அந்த வரிசை உடலில் எங்கே குறித்து வைக்கப்பட்டிருக்கிறது? டிஎன்ஏவில். நம் செல்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கும் அந்த நீண்ட இரட்டை இழையில் நான்கே வகை வேதிப்பொருள்கள் வரிசையாக வருகின்றன. ஏ, டி, ஜி, சி என்று அவற்றைக் குறிப்பார்கள். மூன்று மூன்று எழுத்துகளாகப் படித்தால் ஒவ்வொரு மூன்றுக்கும் ஓர் அமினோ அமிலம். 'ஜி ஜி சி' என்று வந்தால் கிளைசின். வேறு சில மூன்றெழுத்துகளுக்கு 'இங்கே நிறுத்து' என்று அர்த்தம். ஒரு புரதத்துக்கான வரிசையைத் தாங்கி நிற்கும் டிஎன்ஏ துண்டுதான் மரபணு. செல் அந்தத் துண்டைப் பார்த்து ஆர்என்ஏ என்ற நகலை எடுக்கும். நகலைப் பார்த்து அமினோ அமிலங்களைக் கோக்கும். எந்த மூன்றுக்கு எது என்ற அட்டவணையைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் பிரிக்கப்படாத பஞ்சாபின் ராய்ப்பூர் கிராமத்தில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானா. 1968 நோபல் பரிசை மார்ஷல் நிரன்பெர்க், ராபர்ட் ஹாலி ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார். பிற்பாடு அவரே ஒரு மரபணுவை வேதிப்பொருள்களிலிருந்து முழுக்க முழுக்கச் செயற்கையாகச் செய்தும் காட்டினார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள். அந்த அட்டவணை மனிதருக்கு ஒன்று, மாட்டுக்கு ஒன்று, வாழைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று என்று தனித்தனியாக இல்லை. மிகச் சில விலக்குகளைத் தவிர உயிர்கள் அனைத்துக்கும் ஒன்றேதான். 'ஜி ஜி சி' உங்கள் மகளின் செல்லிலும் கிளைசின், அவள் குடலில் வாழும் பாக்டீரியாவிலும் கிளைசின். எல்லா உயிரும் ஒரே மூதாதையிலிருந்து கிளைத்தவை என்பதற்கு இதைவிட நெருக்கமான சான்று எனக்குத் தெரியாது. மரபணுப் பொறியியல் முழுவதும் இந்த ஒற்றுமையின் மேல்தான் நிற்கிறது. மனித இன்சுலினுக்கான வரிசையை ஒரு பாக்டீரியாவிடம் கொடுத்தால் அது வேறொன்றாகப் படிக்காது. அதே 51 அமினோ அமிலங்களைத்தான் கோக்கும்.

கொடுப்பது எப்படி? அதற்கான கருவிகளும் பாக்டீரியாவிடமிருந்தே கிடைத்தன. பாக்டீரியாக்களையும் வைரஸ் தாக்கும். தற்காப்புக்காக அவை சில நொதிகளை வைத்திருக்கின்றன. உள்ளே நுழையும் வைரஸின் டிஎன்ஏவில் குறிப்பிட்ட ஆறெழுத்து வரிசை போன்ற ஓர் அடையாளத்தைத் தேடி, அங்கே வெட்டிவிடும் நொதிகள் அவை. வெர்னர் ஆர்பர், ஹாமில்டன் ஸ்மித், டேனியல் நாதன்ஸ் மூவரும் இவற்றைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1978இல் நோபல் பெற்றார்கள். சில வெட்டு நொதிகள் இரட்டை இழையை நேராக வெட்டாமல் படிவைத்து வெட்டும்; ஓர் இழை சற்றே நீட்டிக்கொண்டிருக்கும். தச்சர் ஒரு சட்டத்தில் நாக்கும் மறு சட்டத்தில் துளையும் செதுக்கிக் கோப்பதுபோல, ஒரே நொதியால் வெட்டிய எந்த இரண்டு துண்டும் ஒன்றோடொன்று பொருந்தும். அவை எந்த உயிரிலிருந்து வந்தவை என்பது பொருட்டில்லை. பொருந்திய மூட்டை நிரந்தரமாக ஒட்ட லைகேஸ் என்ற இன்னொரு நொதி.

வெட்டி ஒட்டிய துண்டைச் சுமந்து செல்ல ஒரு வாகனம் வேண்டும். பாக்டீரியாவில் முதன்மை டிஎன்ஏவுக்கு வெளியே, வளையம் வளையமாகச் சிறு டிஎன்ஏக்கள் உண்டு. அவற்றுக்குப் பிளாஸ்மிட் என்று பெயர். அவை தாமாகவே படியெடுத்துக்கொள்ளும், ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவும் செய்யும். 1972 நவம்பரில் ஹவாயில் ஒரு கருத்தரங்கு நடந்தது. வெட்டு நொதியில் தேர்ந்த ஹெர்பர்ட் போயரும் பிளாஸ்மிட்டில் தேர்ந்த ஸ்டான்லி கோயனும் அங்கே இரவுச் சாப்பாட்டு மேசையில் பேசி ஒரு திட்டம் போட்டார்கள். அடுத்த ஆண்டே வெவ்வேறு பிளாஸ்மிட்களின் துண்டுகளை இணைத்து ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் செலுத்திவிட்டார்கள். 1974இல் ஆப்பிரிக்கத் தவளை ஒன்றின் மரபணுத் துண்டும் அதே வழியில் உள்ளே போய், பாக்டீரியா பெருகப் பெருகத் தானும் பெருகியது. இரு வேறு மூலங்களின் டிஎன்ஏவைச் சேர்ப்பதால் இதை மறுசேர்க்கை டிஎன்ஏ என்கிறார்கள். உங்கள் பெட்டியில் உள்ள 'ஆர்-டிஎன்ஏ' இதன் சுருக்கம்தான்.

போயர் 1976இல் ராபர்ட் ஸ்வான்சன் என்ற இளம் முதலீட்டாளருடன் சேர்ந்து ஜெனென்டெக் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். கலிஃபோர்னியாவின் சிட்டி ஆஃப் ஹோப் மருத்துவ மையத்தில் இருந்த ஆர்தர் ரிக்ஸும் கெய்ச்சி இட்டாகுராவும் அவர்களோடு கைகோத்தார்கள். இன்சுலின் மரபணுவை அவர்கள் எந்த மனிதரிடமிருந்தும் எடுக்கவில்லை. மனித இன்சுலினின் அமினோ அமில வரிசையை முன்னால் வைத்துக்கொண்டு, அதற்குரிய மூன்றெழுத்துகளைத் தேர்ந்து, சோதனைக்கூடத்தில் எழுத்து எழுத்தாக வேதிமுறையில் டிஎன்ஏவைக் கட்டினார்கள். 21 அமினோ அமிலச் சங்கிலிக்கு 63 எழுத்து, 30 உள்ளதற்கு 90, கூடவே தொடக்கமும் நிறுத்தமும். பலர் நினைப்பதுபோல யாரோ ஒருவரின் உடலிலிருந்து பிடுங்கியதல்ல உங்கள் மகளின் மருந்துக்கான அந்த முதல் மரபணு. இதை உங்கள் உறவினரிடமும் சொல்லலாம்.

அடுத்து வந்த சிக்கலை அவர்கள் தீர்த்த விதம் என்னை இன்றும் வியக்கவைக்கிறது. பாக்டீரியா தனக்குத் தேவையில்லாத சின்னப் புரதத்தைக் கண்டால் சிதைத்துவிடும். அதனால் இன்சுலின் சங்கிலியை பாக்டீரியாவின் சொந்தப் பெரிய புரதம் ஒன்றின் வாலில் கோத்து, தன்னுடையதுதான் என்று அதை நம்பவைத்தார்கள். பிறகு அந்த வாலைத் துல்லியமாகத் துண்டிக்க வேண்டுமே? சேரும் இடத்தில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தை வைத்தார்கள். மெத்தியோனின் இருக்கும் இடத்தில் மட்டும் வெட்டும் வேதிப்பொருள் ஒன்று உண்டு. மனித இன்சுலினில் எங்குமே மெத்தியோனின் கிடையாது. ஆகவே வால் மட்டும் அறுபடும், இன்சுலின் முழுதாக வெளிவரும். இரு சங்கிலிகளையும் தனித்தனி பாக்டீரியாக்களில் செய்து, தூய்மைப்படுத்தி, சோதனைக் குழாயில் ஒன்றுசேர்த்தார்கள். 1978 ஆகஸ்டில் டேவிட் கோடெல் அந்தக் கடைசிப் படியை முடித்தார். செப்டம்பரில் உலகுக்கு அறிவித்தார்கள். எலை லில்லி நிறுவனம் பெரும் தொட்டிகளில் உற்பத்தியைத் தொடங்கியது. 1980இல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் ஆரோக்கியமான தன்னார்வலர்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள். 1982 அக்டோபரில் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி கிடைத்தது. மரபணுப் பொறியியலில் பிறந்து மருந்துக் கடைக்கு வந்த முதல் மருந்து அதுதான்.

பிற்பாடு இரு சங்கிலிகளையும் இடையில் ஒரு துண்டு வைத்து ஒரே தொடராகச் செய்து, அந்த இடைத்துண்டை நொதியால் வெட்டி நீக்கும் முறை வந்தது. நம் கணையமும் அதையேதான் செய்கிறது. வெட்டி வீசப்படும் அந்த இடைத்துண்டின் பெயர் சி-பெப்டைட். நோய் உறுதியான புதிதில் உங்கள் மகளுக்கு 'சி-பெப்டைட்' பரிசோதனை எடுத்திருப்பார்கள், அறிக்கையைத் தேடிப் பாருங்கள். ரத்தத்தில் அது எவ்வளவு இருக்கிறதோ அதை வைத்து, அவள் கணையம் சொந்தமாக எவ்வளவு இன்சுலின் செய்கிறது என்று கணக்கிடுவார்கள்.

இப்போது வாட்ஸப் செய்திக்கு வருகிறேன்.

குப்பிக்குள் பாக்டீரியா இருக்கிறதா? இல்லை. தொட்டியில் வளர்ந்த நுண்ணுயிர்கள் கொல்லப்படுகின்றன. பல படிகளில் வடிகட்டிப் பிரித்து, இன்சுலினை மட்டும் எடுத்துப் படிகமாக்குகிறார்கள். ஆய்வுக்கூடங்களில் அதிகம் பயன்படும் ஈ.கோலையின் கே-12 வகை தலைமுறை தலைமுறையாகக் கண்ணாடிக் குடுவையில் வாழ்ந்து பழகியது; மனிதக் குடலில் நிலைத்து வாழும் திறனைப் பெரிதும் இழந்துவிட்டது. பல நிறுவனங்கள் பாக்டீரியாவுக்குப் பதில் ஈஸ்ட்டைப் பயன்படுத்துகின்றன. பெங்களூரின் பயோகான் தன் இன்சுலினை ஒருவகை ஈஸ்ட்டில்தான் செய்கிறது. ஊசி முனையில் வரும் அந்த மருந்து வாசம் உங்களுக்குக் கிருமி நினைப்பைத் தந்ததாக எழுதியிருந்தீர்கள். அது கிருமி வளராமல் இருக்கச் சேர்க்கும் கிரெசால் என்ற பாதுகாப்புப் பொருளின் வாசம்.

மகளின் மரபணுவை மாற்றுமா? மாற்றாது. குப்பியில் இருப்பது புரதம். மரபணுவைப் பார்த்துப் புரதம் செய்யும் ஏற்பாடு செல்லில் உண்டு. புரதத்தைப் பார்த்து மரபணு எழுதும் ஏற்பாடு எந்த உயிரிலும் கண்டறியப்படவில்லை. இன்சுலின் செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பியைத் தொட்டு, சர்க்கரை உள்ளே போக வழிதிறக்கச் சொல்லும். ரத்தத்தில் கலந்த இன்சுலின் சில நிமிடங்களிலேயே சிதையத் தொடங்கிவிடும். அதனால்தான் அவளுக்குத் தினமும் போட வேண்டியிருக்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவளுக்குச் சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலின் பேனாவிலும் இரவு போடும் பேனாவிலும் இருப்பது அச்சு அசலான மனித இன்சுலினாக இல்லாமலும் இருக்கலாம். இன்சுலின் மூலக்கூறுகள் ஆறு ஆறாகக் கூடி நிற்கும் இயல்புடையவை. தோலுக்கடியில் பிரிந்து ரத்தத்தில் சேர நேரமாகும். லிஸ்ப்ரோ என்ற வகையில் 30 அமினோ அமிலச் சங்கிலியின் கடைசிப் பக்கம் இரண்டு அமினோ அமிலங்களை இடம் மாற்றிவைத்தார்கள். கூட்டம் எளிதில் பிரிகிறது, மருந்து விரைந்து வேலை செய்கிறது. 1996இல் அது வந்தது. கிளார்ஜின் என்ற வகையில் செய்த மாற்றத்தால் அது தோலுக்கடியில் படிந்து நாள் முழுதும் மெல்ல மெல்லக் கரைகிறது. வேண்டுமென்றே செய்த மாற்றங்கள் இவை. பல ஆண்டுகளாகக் கோடிக்கணக்கானோர் பயன்படுத்துகிறார்கள். உங்கள் மகளின் பேனாவில் எது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

பயம் உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. இந்த ஆராய்ச்சியைத் தொடங்கியவர்களுக்கே வந்தது. 1974இல் பால் பெர்க் முதலான விஞ்ஞானிகள் சிலவகைச் சோதனைகளைத் தாங்களே நிறுத்திவைக்கிறோம் என்று அறிவித்தார்கள். 1975 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் அசிலோமாரில் ஏறத்தாழ 140 பேர் கூடி, எந்தச் சோதனைக்கு எவ்வளவு காவல் வேண்டும் என்று வகுத்தார்கள். 1976இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் இருக்கும் கேம்பிரிட்ஜ் நகரத்தின் மேயர் ஆல்ஃபிரெட் வெலூச்சி, எங்கள் ஊரில் இதைச் செய்யுமுன் எங்களிடம் கேளுங்கள் என்று மறித்தார். நகரசபை ஆராய்ச்சியைத் தற்காலிகமாக நிறுத்தியது. விஞ்ஞானிகள் அல்லாத குடிமக்கள் குழு ஒன்று மாதக்கணக்கில் விசாரித்து, நிபந்தனைகளோடு அனுமதி தரலாம் என்றது. நீங்கள் இப்போது கேட்பதும் அந்த மக்கள் கேட்டதும் ஒரே ரகக் கேள்விதான். அவர்கள் கேட்டதால் ஆராய்ச்சி நின்றுபோகவில்லை, விதிகள் பிறந்தன.

அதனால்தான் 'மரபணுப் பொறியியல் நல்லதா கெட்டதா' என்ற உங்கள் கேள்விக்கு நான் ஒரே சொல்லில் பதில் தரப்போவதில்லை. எந்த மரபணு, எந்த உயிரில், அது எங்கே போய் வாழ்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். இன்சுலின் செய்யும் ஈஸ்ட் மூடிய தொட்டியைவிட்டு வெளியே வருவதில்லை. வெளியே வருவது தூய புரதம் மட்டும். 2002இல் இந்தியாவில் அனுமதி பெற்ற பிடி பருத்தியின் கதை வேறு. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் செடிக்குள் வைத்து, காய்ப்புழுவைக் கொல்லும் புரதத்தைச் செடியே சுரக்கச் செய்தார்கள். அது திறந்த வயலில் வளர்கிறது. முதலில் பூச்சிமருந்துத் தேவை குறைந்தது. பிறகு இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்தப் புரதத்தைத் தாங்கப் பழகிக்கொண்டு திரும்பி வந்தது. விதை யார் கையில், உழவர் ஆண்டுதோறும் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற கேள்விகளும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. பிடி கத்தரிக்காயைப் பொதுமக்கள் கூட்டங்களில் கருத்துக் கேட்ட பின் 2010 பிப்ரவரியில் மத்திய அரசு நிறுத்திவைத்தது; அதுவும் கேட்கப்பட வேண்டிய கேள்விகள் கேட்கப்பட்டதால் நடந்தது. 2018இல் சீனாவில் ஹ ஜியான்குவி என்பவர் மனிதக் கருவின் மரபணுவைத் திருத்திக் குழந்தைகள் பிறக்கச் செய்தார். அந்த மாற்றம் அவர்களின் சந்ததிக்கும் போகும், சம்மதம் கேட்கவும் வழியில்லை. அதை நான் முழுமனதோடு எதிர்க்கிறேன். இவை எல்லாவற்றையும் ஒரே பெயருக்குள் போட்டு, ஒன்றின் மேலுள்ள கோபத்தை உங்கள் பிள்ளையின் இன்சுலின் மேல் காட்டச் சொல்கிறார்கள். இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இன்சுலினைப் பற்றி எனக்கும் கோபம் உண்டு. அது பாக்டீரியாவின் மேல் இல்லை. ஒரு டாலருக்குக் கொடுக்கப்பட்ட மருந்தின் உலகச் சந்தையில் பெரும்பங்கு இன்று மூன்றே நிறுவனங்களின் கையில் இருக்கிறது. பணக்கார அமெரிக்காவிலேயே விலை தாங்காமல் அளவைக் குறைத்துப் போட்டுக்கொண்டு உயிரிழந்தவர்கள் உண்டு. நம் ஊரில் அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கிறது. செலவு உங்களை அழுத்தினால் தயங்காமல் அங்கே போய்க் கேளுங்கள். பணத்துக்காக ஒரு யூனிட்கூடக் குறைக்க வேண்டாம்.

கடைசியாக உங்கள் மகள் கேட்டது. "ஏன் மாத்திரையாகத் தரக்கூடாது? எப்போது ஊசி நிற்கும்?"

முதல் கேள்விக்கு அவளுக்குப் புரியும்படி பதில் சொல்லலாம். பருப்பில் இருக்கும் புரதத்தை வயிறு என்ன செய்யுமோ அதைத்தான் இன்சுலினையும் செய்யும். சங்கிலியை அறுத்துத் தனித்தனி அமினோ அமிலங்களாக்கிவிடும். அதை ஏமாற்றிக் கடக்கும் மாத்திரைக்காகப் பல பத்தாண்டுகளாக முயல்கிறார்கள். அவளுக்குத் தரும் அளவுக்கு நம்பகமான ஒன்று இன்னும் வரவில்லை. புரதம் என்பதால்தான் குப்பியை வெயிலில் வைக்கக் கூடாது, ஃப்ரீசரிலும் வைக்கக் கூடாது. வெப்பத்திலும் உறைதலிலும் மூலக்கூறின் மடிப்பு குலைந்து மருந்து வேலை செய்யாமல் போகும். திறக்காத குப்பிகள் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கட்டும். ஒருமுறை உறைந்துபோனதை இளக்கித் திரும்பப் போடாதீர்கள்.

இரண்டாவது கேள்விக்கு உண்மையான பதில்: தேதி சொல்ல முடியாது. ஆனால் வேலை நடக்கிறது. 2012இல் இம்மானுவேல் ஷார்பென்டியே, ஜெனிஃபர் டவுட்னா இருவரும் காட்டிய கிறிஸ்பர் என்ற முறை, மரபணுவில் விரும்பிய இடத்தில் வெட்ட வழிசெய்தது. அதுவும் பாக்டீரியா வைரஸிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாட்டிலிருந்து எடுத்ததுதான். சுவீடனின் உப்சாலாவில் நீண்டகாலமாக டைப் 1 உள்ள ஒருவருக்கு, எதிர்ப்பாற்றலின் கண்ணில் படாதபடி மரபணு திருத்திய கணையச் செல்களை முன்கைத் தசையில் செலுத்தினார்கள். எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எதுவும் இல்லாமலேயே அவை பிழைத்து இன்சுலின் சுரந்ததாக 2025இல் அறிக்கை வந்தது. சுரந்த அளவு மிகக் குறைவு. அவர் இன்னும் ஊசி போட்டுக்கொள்ளத்தான் வேண்டும். ஒரே ஒருவரிடம் செய்த சோதனை அது, இந்தியாவில் எங்கும் கிடைப்பதல்ல. "உங்கள் குழந்தைக்கு இப்போதே செய்துதருகிறோம்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

அவளிடம் இவ்வளவையும் சொல்லலாம். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இது புரியும். படம் போட்டுச் சொன்னால் இன்னும் நன்றாகப் புரியும். இரண்டு சங்கிலி, 21 மணி, 30 மணி. வேறு கேள்வி கேட்டால் அவள் கையாலேயே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்.